கத்தோலிக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் வழியாக நிதி திரட்டுவது எப்படி: முதன்முறை இறங்குவோருக்கு

முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் கூடி "நம்ம பள்ளிக்கு ஏதாவது செய்யணும்" என்று பேச்செடுத்தால், ஐந்தே நிமிடத்தில் அது விழாவில் வந்து நிற்கும். மண்டபம், மேடை, சாப்பாடு, மலர் அச்சடிப்பு எல்லாம் கழிந்தபின் கையில் மிஞ்சுவது சொற்பம். அதற்காக உழைத்தவர்களுக்கு அடுத்த ஆண்டு வரத் தெம்பு இருக்காது. விழா வைக்க வேண்டாம் என்பதில்லை. உறவைப் புதுப்பிக்க அது நல்ல வழி. ஆனால் நிதி திரட்டலில் அது கடைசியில் வர வேண்டிய வேலை. பணம் எவ்வளவு வரும் என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும்: எதற்குக் கேட்கிறோம் என்ற தெளிவு, நம்பகமான பெயர்ப்பட்டியல், அதில் மேலே இருக்கும் நூறு பேரிடம் ஆளுக்கு ஆள் பேசுவது.

"எங்க காலத்துல பள்ளி காசே கேட்டதில்லையே?"

மூத்த மாணவர்கள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். சாக்குப்போக்கு சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் வகுப்பெடுத்தவர்களில் பலர் அருட்சகோதரிகள், அருட்சகோதரர்கள், குருக்கள். முழுச் சம்பளம் இல்லாமல், அல்லது வாங்கிய சம்பளத்தைத் தங்கள் துறவற சபைக்கே கொடுத்துவிட்டு உழைத்தார்கள். பள்ளியின் மிகப் பெரிய நன்கொடையாளர்கள் அவர்கள்தான். அந்த நன்கொடை கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவே. இன்று பல இடங்களில் துறவற வாழ்வுக்கு வருவோர் குறைந்து, ஆசிரியர்களில் பெரும்பாலோர் துறவியரல்லாத பொதுநிலையினர். அவர்களுக்கு நியாயமான சம்பளம் தர வேண்டும், ஓய்வூதியத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தைக் கட்டண உயர்வால் மட்டும் நிரப்பினால் ஏழைப் பிள்ளைகள் வெளியே போவார்கள். கத்தோலிக்கக் கல்வி பற்றி, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை, ஏழைகளையும் குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்களையும் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பெறாதவர்களையும் பள்ளி சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. படித்து முடித்த மாணவர்களோடு ஆசிரியர்கள் நட்பைத் தொடர வேண்டும், அதற்கென்று சங்கங்கள் அமைக்க வேண்டும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஆக, முன்னாள் மாணவர் சங்கத்தைப் பணம் வாங்கும் கருவியாக மட்டும் நினைத்துத் தொடங்கினால், தொடக்கமே கோணல்.

எதற்குப் பணம்: மூன்று பைகளைக் கலக்காதீர்கள்

பள்ளிக்குத் தேவைப்படும் பணம் மூன்று வகை. ஆண்டுச் செலவில் விழும் துண்டு. கட்டடம், ஆய்வகம் போன்ற ஒருமுறைச் செலவு. போட்ட முதலை (அசலை) தொடாமல் வருமானத்தை மட்டும் எடுக்கும் நிலைநிதி. "பள்ளியின் எதிர்காலத்துக்கு" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, வந்ததை இந்த மாதச் சம்பளத்துக்குக் கொடுத்தால், அது தெரியவரும் நாளில் நம்பிக்கை போய்விடும். எந்தப் பை என்று முதலிலேயே அறிவியுங்கள்.

நிலைநிதி என்ற சொல் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதன் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். முதல் கரையாமல் இருக்க ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் எடுப்பதுதான் பரவலான வழக்கம். மீதி வருமானம் முதலோடு சேர்ந்து விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டும். 4 சதவீதம் என்றால், ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தை என்றென்றும் கொடுக்க அந்தக் கட்டணத்தைப் போல 25 மடங்கு முதல் வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு 500 மடங்கு. எடுக்கும் தொகையைக் கடைசி மூன்று ஆண்டு மதிப்பின் சராசரி மேல் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் சந்தை சரியும் ஆண்டில் உதவித்தொகையும் சேர்ந்து சரியும்.

முதல் முயற்சி நிலைநிதியாக இருக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பன்னிரண்டு மாதத்தில் முடிந்து, போய்ப் பார்க்கக்கூடியதாக ஒன்றை எடுங்கள்: வேதியியல் ஆய்வகம், கழிப்பறைத் தொகுதி, இத்தனை பிள்ளைகளுக்கு ஓராண்டு உதவித்தொகை. சொன்னதைச் செய்து காட்டியபின் பெரிதாகக் கேட்டால் காது கொடுப்பார்கள்.

எழுத்தில் அனுமதி

பலரும் தாண்டிக் குதிக்கும் படி இது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1265ஆம் சட்டம், திருச்சபை நிறுவனத்துக்காகத் தனியார் எவரும் (தனி ஆளானாலும் அமைப்பானாலும்) எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டக் கூடாது என்கிறது. பள்ளி மறைமாவட்டத்துடையது (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதிக்குரியது) என்றால் ஆயரகத்திலும், துறவற சபையுடையது என்றால் சபைத் தலைமையிலும் முதலில் பேசுங்கள். சபைப் பள்ளியானாலும் உள்ளூர் ஆயரின் அனுமதி தேவைப்படலாம். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொன்ன "செய்யுங்க செய்யுங்க" போதாது.

இன்னும் மூன்று சட்டங்களைப் பொறுப்பாளர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1267இன் படி, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். நிபந்தனையோடு வரும் கொடையை ஏற்க மேலிட அனுமதி வேண்டும். 1287, விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது. 1304இன் படி, நிரந்தரக் கடமையோடு கூடிய அறக்கட்டளையை ஏற்கவும் எழுத்தில் அனுமதி தேவை. இவை திருச்சபையின் விதிகள். நாட்டுச் சட்டப்படி சங்கப் பதிவு, வரிவிலக்கு, வெளிநாட்டுப் பணம் பெறும் உரிமை ஆகியவற்றை ஒரு கணக்காயரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிவிலக்கு ரசீது பெரும்பாலும் கொடுப்பவர் வரி கட்டும் நாட்டில் பதிவான அமைப்பு தந்தால்தான் செல்லும். அதனால்தான் வெளிநாட்டில் நிறைய பழைய மாணவர் உள்ள பள்ளிகள் அங்கேயே தனி அறக்கட்டளை வைத்திருக்கின்றன.

வங்கிக் கணக்கு பள்ளி அல்லது பதிவான சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தில் இருக்கட்டும். "அவசரத்துக்கு என் நம்பருக்கு அனுப்புங்க" என்று ஒருவர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆர் படத்தைக் குழுவில் போட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள்.

பட்டியல்: பாதி வேலை இங்கேதான்

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களே முன்னாள் மாணவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குழுவில் இருப்பவர்கள் பேசப் பிடித்தவர்கள். கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் குழுவிலேயே இருக்கமாட்டார். இருந்தாலும் ஒலியை அணைத்துவைத்திருப்பார்.

சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குங்கள். அதோடு மாற்றுச் சான்றிதழ் நகல்கள், ஆண்டு மலர்கள், வகுப்புக் குழுப் படங்கள். குழுப் படத்தை ஸ்கேன் செய்து, முகத்துக்கு முகம் எண் போட்டு அந்த ஆண்டினருக்கு அனுப்பினால், பெயர்கள் ஒரே இரவில் வந்து விழும். வெறும் படிவத்தை அனுப்பினால் யாரும் நிரப்பமாட்டார்கள். ஒரே எக்செல் கோப்பு, ஒரே பொறுப்பாளர். நிரல்கள் இவை: பள்ளியில் இருந்த பெயர், இப்போதைய பெயர், முடித்த ஆண்டு, பிரிவு, விடுதி மாணவரா, ஊர், நாடு, கைபேசி, மின்னஞ்சல், தொழில், உடன்பிறந்தோர் இதே பள்ளியா, மதிக்கும் ஆசிரியர், கடைசியாகப் பேசிய நாள், பேசியவர், கொடுத்தது, தொடர்புகொள்ளச் சம்மதமா. கடைசி நிரலை விட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட தகவலைச் சம்மதமின்றிப் பயன்படுத்துவதும் பகிர்வதும் பல நாடுகளில் சட்டமீறலாகலாம்.

இங்கே வழக்கமாக மூன்று சறுக்கல்கள். பெண்கள் பள்ளியில் திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் இரண்டு முறை பதிவாவார்கள், அல்லது காணாமலே போவார்கள். இறந்தவர் பெயருக்குக் கடிதம் போகும். குடும்பத்துக்கு அதைவிட வேதனை இல்லை. பத்தாம் வகுப்போடு வேறு பள்ளிக்குப் போனவர்களை "நம்ம பேட்ச் இல்ல" என்று ஒதுக்குவார்கள். கொடுப்பதில் அவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பிரதிநிதி போதாது. ஒருவரால் ஒழுங்காகப் பேச முடிவது பத்துப் பதினைந்து பேரிடம். 120 பேர் உள்ள பேட்சுக்கு எட்டுப் பேர் வேண்டும். வகுப்புத் தலைவராக இருந்தவரைத் தேடிப் போகாதீர்கள். எல்லோருடைய வீட்டு விசேஷத்துக்கும் இன்றும் போய்வருகிறவரைப் பிடியுங்கள்.

ஒரு பக்கக் கோரிக்கை

கோரிக்கை ஒரே பக்கம் இருந்தால் போதும். பிரச்சினை என்ன, எவ்வளவு தேவை, எந்தத் தேதிக்குள், பணம் எங்கே போகும், யார் பொறுப்பு, இலக்கு எட்டாவிட்டால் வந்த பணத்தை என்ன செய்வோம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கோரிக்கைகள்தான் பிறகு தகராறாகின்றன. "இலக்கை எட்டாவிட்டால் இந்தத் தொகை மாணவர் உதவித்தொகைக்குப் போகும்" என்று ஒரு வரி முன்கூட்டியே அச்சில் இருந்தால், நோக்கத்தை மாற்றியதாக யாரும் சொல்ல முடியாது.

மொழியில் ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். பல பள்ளிகளில் பெரும்பான்மையே வேறு. "திருச்சபையின் நற்செய்திப் பணிக்கு உதவுங்கள்" என்ற வாக்கியம் அவர்களில் பலரைத் தள்ளி நிறுத்தும். பள்ளியின் கிறிஸ்தவ அடையாளத்தை மறைக்கவும் வேண்டாம், அது நேர்மையாகாது. எந்த மதப் பிள்ளையாக இருந்தாலும் கட்டணம் கட்ட முடியாதவரைச் சேர்க்கிறோம், இந்தச் சபை இதற்காகத்தான் பள்ளி தொடங்கியது என்று எழுதினால் இரு தரப்புக்கும் அது உண்மை.

கணக்குப் போட்டுக் கேளுங்கள்

"ஆயிரம் பேர் இருக்கோம், ஆளுக்கு ஒன்று போட்டா ஆயிரம்" என்பது எல்லாச் சங்கங்களிலும் போடப்படும் கணக்கு. இது எங்கும் பலித்ததில்லை. ஆயிரம் பேரும் கொடுக்கமாட்டார்கள். பெரிதாகக் கொடுக்கக்கூடியவரும் அந்த ஒன்றையே கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இலக்கு 1000 பங்கு என்று வைத்துக்கொள்வோம் (ஒரு பங்கு எவ்வளவு பணம் என்பது உங்கள் இலக்கைப் பொறுத்தது; இனி வரும் தொகைகளும் இந்தப் பங்குக் கணக்கில்தான்). அதை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

200 கொடுப்பவர் 1
100 கொடுப்பவர் 2
50 கொடுப்பவர் 4
25 கொடுப்பவர் 8
10 கொடுப்பவர் 15
மீதி 50, மற்ற எல்லோரும் சேர்ந்து

முதல் முப்பது பேரிடமிருந்து 950. ஒவ்வொரு கொடைக்கும் மூன்று நான்கு பேரையாவது அணுக வேண்டியிருக்கும் என்பதால், நேரில் பேச 90 முதல் 120 பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களை எழுத உட்காரும்போதே இலக்கு நடக்குமா என்பது தெரிந்துவிடும். முதல் வரிசைக்கு ஒரு பெயர்கூட வரவில்லையென்றால் இலக்கைக் குறையுங்கள். அறிவித்தபின் குறைப்பதைவிட இது மேல்.

அப்படியானால் அந்த 50க்காக நூற்றுக்கணக்கானோரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? இன்று சிறு தொகை கொடுத்த முப்பது வயதுக்காரர் இருபது ஆண்டு கழித்து முதல் வரிசைக்கு வருவார். கொடுக்கும் பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் மீட்பது கடினம். யேல் பல்கலைக்கழகம் 1890இல் முன்னாள் மாணவரிடம் ஆண்டுதோறும் கேட்கும் நிதியைத் தொடங்கியபோது அடிப்படையில் இருந்த எண்ணமும் இந்தத் தொடர்ச்சிதான். இளையவர்களுக்கு மாதாமாதம் தானாகக் கழியும் சிறு தொகையே பொருந்தும். அட்டை காலாவதியானால் பணம் நின்றுபோகும், அவருக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நின்றுபோனவற்றைப் பார்த்து அழையுங்கள்.

கேட்பது

கேட்பவர் முதலில் தான் கொடுத்திருக்க வேண்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் கொடுக்கும்வரை வெளியே கேட்கப் போகாதீர்கள், "நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்ற கேள்வி நிச்சயம் வரும். சக வகுப்பினர் கேட்பதே நல்லது. உடன் பள்ளியிலிருந்து ஒருவர் போனால் கேட்பதற்கு எடை கூடும்.

தொலைபேசியில் தேதி மட்டும் வாங்குங்கள், நேரில் தொகையைச் சொல்லுங்கள். அழைக்கும்போதே எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். நலம் விசாரிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் பணம் கேட்டால் அடுத்த முறை எடுக்கமாட்டார். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"டேய், பள்ளி ஆய்வக விஷயமா உன்னைப் பார்க்கணும். காசு கேட்கத்தான் வர்றேன், இப்பவே சொல்லிடறேன். சனிக்கிழமை அரை மணி நேரம் கிடைக்குமா?"

நேரில்: "மொத்தம் இவ்வளவு ஆகுது. நான் இவ்வளவு போட்டிருக்கேன். நீ ஐம்பது போட முடியுமான்னு கேட்க வந்தேன். மூணு வருஷத்துல பிரிச்சுக் கொடுத்தாலும் சரி."

அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். மௌனம் தாங்காமல் "இல்ல, முடிஞ்சதைக் கொடு, பரவாயில்ல" என்று தாங்களே பாதியாக்கிவிடுவார்கள். அவர் யோசிக்கட்டும். "பார்க்கலாம்" என்றால் எப்போது அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "முடியாது" என்றால் நன்றி சொல்லி, பள்ளிச் செய்தி அனுப்பலாமா என்று மட்டும் கேளுங்கள். மூத்தவர்களிடம் நடை மாறும், "நீங்க எவ்வளவு நினைக்கிறீங்க, அண்ணா?" என்று அவரிடமே விட்டால் அவர் குறைவாகச் சொல்லும் வாய்ப்பே அதிகம். மரியாதையோடு தொகையைச் சொல்வதில் தவறில்லை.

சிலர் கோபத்தோடு பேசுவார்கள்: அடி வாங்கியது, அவமானப்பட்டது, அதைவிட மோசமானது. அந்தச் சந்திப்பில் பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது. கேளுங்கள், வாதாடாதீர்கள். சிறார் பாதுகாப்பு தொடர்பானது என்றால் பள்ளியிலும் மறைமாவட்டத்திலும் அதற்கென உள்ள பொறுப்பாளரிடமும், சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்திலும் சேர்க்க வேண்டும். நன்கொடை பாதிக்கும் என்று மூடிவைப்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும் ஆகலாம்.

எப்போது ஊரறியச் சொல்வது

இலக்கில் பாதிக்கு மேல், முடிந்தால் 60 சதவீதம், உறுதியானபின்தான் பொது அறிவிப்பு. சுழியத்தில் நிற்கும் இலக்குக்கு முதலில் கைநீட்ட யாருக்கும் தயக்கம். பாதி தாண்டியதில் சேர்ந்துகொள்ள எல்லோருக்கும் விருப்பம். அறிவிக்கும் நாளாகப் பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் திருவிழா பொருந்தும். 25, 50 ஆண்டு நிறைவு காணும் பேட்சுகளை ஓராண்டுக்கு முன்பே தயார்படுத்துங்கள். ஒரு பேட்ச் ஒன்றுசேர்ந்து கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கூடுகையை ஒட்டித்தான். திருச்சபையில் நவம்பர் இறந்தோரை நினைக்கும் மாதம். மறைந்த ஆசிரியர் பெயரில் உதவித்தொகை தொடங்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

இங்கே ஒன்றைக் கலக்கக் கூடாது: திருப்பலிக் காணிக்கை, அதாவது ஒரு கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கொடுக்கும் பணம். "இவ்வளவு கொடுத்தால் இத்தனை பூசை" என்று நன்கொடைப் பட்டியலில் எழுதாதீர்கள். திருப்பலிக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட விழக் கூடாது என்கிறது அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 947ஆம் சட்டம். கொடையாளர்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்பது நன்றியாக இருக்கட்டும். அதற்கு விலை ஒட்ட வேண்டாம். அதே போல, கொடைக்குப் பதிலாகத் தன் பிள்ளைக்கோ உறவினர் பிள்ளைக்கோ இடம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். கட்டடத்துக்குப் பெயர் வைப்பதென்றால் எத்தனை ஆண்டுக்கு, கட்டடம் இடிக்கப்பட்டால் என்ன, கொடுத்தவர் பெயர் பின்னால் கெட்டால் என்ன என்பதை எழுதியே ஒப்புக்கொள்ளுங்கள்.

வாங்கியபின்

நன்றி 48 மணி நேரத்துக்குள், ரசீது ஒரு வாரத்துக்குள். நூறு கொடுத்தவருக்குத் தாளாளரே அழைக்கட்டும். ஒன்று கொடுத்தவருக்கு அச்சிட்ட கடிதம் போதும், ஆனால் பெயர் பிழையில்லாமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு படமும் இரண்டு வரிக் கணக்கும். ஆண்டு முடிவில் தணிக்கையான வரவு செலவு. உதவி பெறும் பிள்ளையின் முகத்தையோ பெயரையோ கொடையாளர் செய்தியில் போடாதீர்கள். மேடையில் நிறுத்திக் காசோலை கொடுப்பதும் வேண்டாம்.

திரட்டும் செலவு (அச்சு, மென்பொருள், பணம் பெறும் இணையதளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம்) எங்கிருந்து போகிறது என்பதை மறைக்க வேண்டாம். இதற்காக மட்டும் ஒருவரிடமோ இருவரிடமோ தனியாகக் கேட்டு வாங்கிவிட்டால், "உங்கள் பணம் முழுவதும் ஆய்வகத்துக்கே" என்று மற்றவர்களிடம் துணிந்து சொல்லலாம்.

சபைப் பள்ளிகளுக்கென்றே உள்ள சிக்கல் பணிமாற்றம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைமையும் தாளாளரும் மாறுவார்கள். கொடையாளர் நம்பியது பழைய சிஸ்டரையோ ஃபாதரையோதான். புதிதாக வருகிறவருக்கு எந்த வாக்குறுதியும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெரிய கொடைக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, கொடையாளர், பள்ளி, சபைத் தலைமை மூவரிடமும் ஒவ்வொரு நகல் இருக்கட்டும். தொகை, தவணைத் தேதிகள், நோக்கம், நோக்கம் நிறைவேற வழியில்லாமல் போனால் அடுத்து எதற்கு, எப்போது அறிக்கை. புதிய தலைவர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே சங்கத்தார் இந்தக் கோப்போடு போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முதல் பத்துக் கொடையாளர்களை அவரே அழைத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

தவணையில் கொடுப்பதாகச் சொன்னவர்களுக்குத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு நினைவூட்டுங்கள். கேட்ட அதே நண்பர் நினைவூட்டினால் நல்லது, அலுவலகக் கடிதமாகப் போனால் கடன் வசூல் போலத் தோன்றும். வேலை இழந்தவர், நோயில் விழுந்தவர் கேட்கும் முன்பே தவணையைத் தள்ளிவையுங்கள். கொடுத்து முடித்தவரிடம் அறிக்கை கைக்குப் போய்ச் சேரும்வரை மறுபடி கேட்காதீர்கள்.